மூணு சக்கரத்தில் ஒரு ஹோண்டா சிட்டி!

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு ஓரமாக வாடகைக்கு நிற்கிற எட்டியோஸை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியே ஒரு போலோ, ஒரு ஹோண்டா சிட்டி, முடிந்தால் யாராவது இன்னும் விற்காமல் வைத்திருக்கும் பழைய மாருதி எஸ்டீம். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஓடுகிற இந்த வண்டிகள் எல்லாமே நம் தேசியக் கார் பந்தயத்தில் சீறியவை! டூரிங் கார் பந்தயத்தின் மொத்தக் கிறுக்கும் இதில்தான் இருக்கிறது. ஃபார்முலா கார் எங்கோ வேற்றுலகத்துச் சரக்கு. இது நம்ம தெரு வண்டி. ஆனால் பேயாட்டம் ஆடும்.

சரி, திருச்சி–சென்னை நெடுஞ்சாலையைப் பிடியுங்கள். செங்கல்பட்டு தாண்டி, சிங்கபெருமாள்கோவிலில் இடதுபக்கம் திரும்பி, ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர். பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை. 1990-ல் திறந்த பந்தயத் தடம் அங்கே இருக்கிறது. இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். 3.717 கிலோமீட்டர், 12 வளைவு. நடத்துவது மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1953-லிருந்து இருக்கிறது. இந்தத் தடம் வருவதற்கு முன்னால் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதையில்தான் பந்தயம். அம்பாசிடரும் ஃபியட்டும் முட்டிக்கொண்டு ஓடியதைப் பார்த்த பெரியவர்களிடம் வாயைக் கொடுத்துவிடாதீர்கள். பொழுது சாய்ந்துவிடும்.

நாம் கேலரிக்குப் போகப் போவதில்லை. நேராகப் பின்கட்டுக்கு, அதாவது பேடாக்குக்கு!

முதலில் ஒரு காருக்குள் தலையை விடுங்கள். சீட் இல்லை. ஏசி இல்லை. கதவின் உள்பக்கத்து அட்டை, தரைவிரிப்பு, பாட்டுப் பெட்டி எதுவுமே இல்லை. வழித்துத் துடைத்து எடைக்குப் போட்டுவிட்டார்கள். மிச்சம் இருப்பது தகரம், அதற்குள் பற்றவைத்த இரும்புக் குழாய்க் கூண்டு, ஒற்றை ஆள் சீட், ஆளை இறுக்கிக் கட்டும் பெல்ட், தீயணைப்பான். வெளியிலிருந்தே கரண்டைத் துண்டிக்க ஓர் இழுகம்பி; பக்கத்தில் மின்னல் படம் போட்ட நீல முக்கோண ஸ்டிக்கர். கார் உருண்டு கிடந்தால் ஓடிவருகிற மார்ஷல் முதலில் தேடுவது அதைத்தான். இந்தத் தகர டப்பாவுக்குள் தீப்பிடிக்காத உடுப்பு, கையுறை, ஹெல்மெட் எல்லாம் மாட்டிக்கொண்டு, நம்மூர் வெயிலில்... நினைத்தாலே எனக்கு வியர்க்கிறது.

இப்போது டயர். இங்கே பெரம்பலூர்க்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். தேசியக் கார் பந்தய சாம்பியன்ஷிப்பின் பெயரிலேயே முன்னால் நிற்கிற எம்.ஆர்.எஃப். கம்பெனிக்கு நம்ம நாரணமங்கலத்திலும் ஆலை இருக்கிறது. 1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்து ஆரம்பித்த கம்பெனி. 2022-ல் ஐரோப்பிய ராலி சாம்பியன்ஷிப்பில் அணிப் பட்டத்தையே தட்டிக்கொண்டு வந்தது!

அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரியில் டயர் மொட்டையானால் அபராதம், ஆபத்து, முதலாளியிடம் திட்டு. பந்தயத்தில் மொட்டை டயரைத்தான் தேடிப் போடுகிறார்கள். பட்டனே இல்லாத ஸ்லிக். ரப்பர் முழுக்கத் தரையில் படிவதால் பிடிமானம் அதிகம். ஒரே நிபந்தனை, சூடேற வேண்டும். அதனால்தான் பந்தயத்துக்கு முந்தைய சுற்றில் எல்லோரும் பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து போகிறார்கள். காற்றும் குறைத்தே பிடிப்பார்கள். ஓட ஓடச் சூட்டில் தானே ஏறிக்கொள்ளும். ஆனால் மழை ஒரு தூறல் தூறினால் போதும், அத்தனை கெத்தும் காலி. மெக்கானிக்குகள் வானத்தையும் அடுக்கிவைத்த மழை டயர்களையும் மாறி மாறிப் பார்ப்பார்கள்: மாத்தலாமா, வேணாமா?

எனக்குப் பிடித்த ரகசியத்துக்கு வருகிறேன். நான் சொன்ன கார்கள் எல்லாம் முன்சக்கரத்தில் இழுப்பவை. இழுப்பதும் திருப்புவதும் முன்சக்கரம், பிரேக்கின் பெரும் பாரமும் அதன் தலையில்தான். பின்சக்கரம் சும்மா கூடவே வருகிற மாப்பிள்ளைத் தோழன். விட்டால் கார் வளைவில் திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும். அதனால் பின்பக்க சஸ்பென்ஷனை வேண்டுமென்றே விறைப்பாக்குகிறார்கள். வால் லேசாக வீசும், மூக்கு உள்ளே திரும்பும். அப்படித் திரும்பும்போது உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பி அந்தரத்தில் சுற்றும்! மூணு சக்கரத்தில் ஒரு குடும்பக் கார் வளைவில் பறப்பதை வேலி ஓரத்தில் நின்று பார்த்தவர்கள் அப்புறம் சீட்டில் உட்கார்ந்து பார்க்கவே மாட்டார்கள்.

சனிக்கிழமை ராத்திரி பேடாக்கில் யாரும் தூங்குவதில்லை. மத்தியானம் இடி வாங்கிய பம்பர், டேப்பும் கேபிள் டையும் சுற்றிக் காலையில் மறுபடி தயார். அழகுக்கெல்லாம் மார்க் கிடையாது. சீசனின் பட்டம் இங்கேதான் ஜெயிக்கப்படுகிறது என்பது என் கட்சி. பல சுற்றுகளின் புள்ளிகளைக் கூட்டித்தான் சாம்பியன். ஒரு கியர்பாக்ஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏறாமல் போனால், முந்தைய வெற்றியெல்லாம் கரைந்துவிடும்.

கொடி விழுந்ததும் முடிந்துவிட்டது என்று கிளம்பாதீர்கள். கார்களை நேராக அடைப்புக்குள் கொண்டுபோவார்கள், அணிக்காரர்கள் தொடக்கூடாது. எடை போடுவார்கள். தடத்தின் ஓரத்தில் தேய்ந்து உதிர்ந்த ரப்பர் துணுக்குகள் கிடக்கும் அல்லவா, கடைசிச் சுற்று முடிந்து திரும்பும்போது ஓட்டுநர்கள் அதன்மேல் வேண்டுமென்றே ஏற்றி டயரில் ஒட்டவைத்துக்கொண்டு வருவது உலகம் முழுக்க உள்ள பழைய தந்திரம். எடை குறைந்தால் தகுதி நீக்கம். சூடான டயரில் ஒட்டுகிற ஒவ்வொரு கிராமும் லாபம்!

மேடையில் கோப்பை, நுரை, கூச்சல். கீழே அறிவிப்புப் பலகையில் முடிவுத்தாள். அதன் தலையில் 'தற்காலிகம்' என்ற வார்த்தை. புகார் கொடுக்க அரை மணி நேரம் உண்டு. எதிரணி மேனேஜர் பாக்கெட்டில் பேனாவைத் தேடுகிறார். ஜெயித்தவருடைய மெக்கானிக்கோ ஸ்பானரை எடுத்துக்கொண்டு அடைப்புக்குள் போகிறார். இன்ஜினைப் பிரித்துக் காட்டச் சொல்லிவிட்டார்கள்.