ரிலையன்ஸ் கட்டிடம், சிக்காகோ

ரிலையன்ஸ் கட்டிடம் என்பது, ஐக்கிய அமெரிக்காவின் இலினொய் மாநிலத்தில், சிக்காகோ நகரின் மையப் பகுதியில் அமைந்துள்ள, வரலாற்றுச் சிறப்புப் பெற்ற உயர் கட்டிடம் ஆகும். 1895 ஆம் ஆண்டில் அலுவலகக் கட்டிடமாகத் திறக்கப்பட்ட இது, ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் பழுது நீக்கப்பட்டு, 1999 ஆம் ஆண்டில் "பூட்டிக் ஹோட்டல்" எனப்படும் வகையைச் சேர்ந்த தங்குவிடுதியாக மாற்றப்பட்டது. 14 தளங்களைக் கொண்ட இதன் உயரம் ஏறத்தாழ 61 மீட்டர். வெளிப்பரப்பின் பெரும் பகுதி கண்ணாடியால் ஆன முதல் வானளாவி எனக் கருதப்படுவதால், கட்டிடக்கலை வரலாற்றில் இதற்கு முக்கிய இடம் உண்டு. அழியும் நிலைக்கு வந்துவிட்ட பழைய கட்டிடமொன்று, புதிய பயன்பாடு ஒன்றைப் பெற்றதன் மூலம் காப்பாற்றப்பட்டதற்கு எடுத்துக்காட்டாகவும் இது கூறப்படுகின்றது.

அமைவிடம்

இக் கட்டிடம், சிக்காகோவின் "லூப்" எனப்படும் வணிக மையத்தில், ஸ்டேட் தெருவும் வாஷிங்டன் தெருவும் சந்திக்கும் இடத்தின் தென்மேற்கு மூலையில் உள்ளது. இதே சந்திப்பின் வடகிழக்கு மூலையில், புகழ் பெற்ற மார்ஷல் ஃபீல்ட் பல்பொருள் அங்காடிக்காகக் கட்டப்பட்ட பெரிய கட்டிடம் அமைந்துள்ளது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்டேட் தெரு, அமெரிக்காவின் முன்னணிக் கடைத்தெருக்களுள் ஒன்றாக விளங்கியது. ரிலையன்ஸ் கட்டிடத்தின் தரைத்தளத்திலும் தொடக்கத்தில் கார்சன் பிரி ஸ்காட் என்னும் வணிக நிறுவனத்தின் கடையே இருந்தது.

கட்டுமான வரலாறு

1871 ஆம் ஆண்டின் பெருந்தீயில் சிக்காகோவின் மையப் பகுதி எரிந்து அழிந்தது. அதன் பின்னர் நகரம் மீண்டும் கட்டப்பட்டபோது நிலத்தின் விலை விரைவாக ஏறியது. சிறிய மனையில் கூடுதல் தளங்களைக் கட்டினால் மட்டுமே வருமானம் போதுமானதாக இருக்கும் என்ற நிலை உருவானது. மின்தூக்கியும், உருக்குச் சட்டகமும் இதனைச் சாத்தியமாக்கின.

ரிலையன்ஸ் கட்டிடத்தைக் கட்டுவித்த வில்லியம் எலரி ஹேல், மின்தூக்கித் தொழிலுடன் நெருங்கிய தொடர்பு உடையவர். புகழ் பெற்ற வானியலாளர் ஜார்ஜ் எலரி ஹேல் இவருடைய மகன் ஆவார். ஹேல் வாங்கிய மனையில் ஏற்கனவே ஒரு கட்டிடம் இருந்தது. அதன் மேல் தளங்களில் வாடகைக்கு இருந்தவர்களின் ஒப்பந்தங்கள் 1894 ஆம் ஆண்டு வரை நீடித்தன. அவர்கள் வெளியேறும் வரை காத்திருக்க விரும்பாத ஹேல், வழக்கத்துக்கு மாறான முறையொன்றைக் கையாண்டார். மேல் தளங்கள் திருகு ஜாக்கிகளின் மீது தாங்கி நிறுத்தப்பட்டன. வாடகைக்காரர்கள் மேலே தமது தொழிலைத் தொடர்ந்துகொண்டிருக்க, கீழே பழைய தரைத்தளம் அகற்றப்பட்டுப் புதிய அடித்தளமும் தரைத்தளமும் கட்டப்பட்டன.

இக் கீழ்ப் பகுதியை வடிவமைத்தவர், பர்ன்ஹாம் அன்ட் ரூட் நிறுவனத்தைச் சேர்ந்த ஜோன் வெல்போர்ன் ரூட் ஆவார். 1891 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ரூட் நுரையீரல் அழற்சியால் இறந்தார். வாடகை ஒப்பந்தங்கள் முடிந்த பின்னர், ரூட்டின் பங்காளியான டானியல் பர்ன்ஹாமின் நிறுவனத்தில் பணியாற்றிய சார்ள்ஸ் அட்வூட் மேல் தளங்களை வடிவமைத்தார். அமைப்புப் பொறியாளராக எட்வர்ட் ஷாங்லண்ட் பணியாற்றினார். மேலுள்ள பத்துத் தளங்களின் உருக்குச் சட்டகம் 15 நாட்களில் நிறுவி முடிக்கப்பட்டது. கட்டிடம் திறக்கப்பட்ட 1895 ஆம் ஆண்டின் இறுதியிலேயே அட்வூட்டும் காலமானார்.

கட்டிடக்கலை

இக் கட்டிடத்தின் சுவர்கள் சுமை தாங்குவன அல்ல. தளங்களினதும் கூரையினதும் சுமை முழுவதையும் உருக்குச் சட்டகமே தாங்குகின்றது. தூண்கள் ஒவ்வொன்றும் இரண்டு தள உயரம் கொண்டவை. அவற்றின் மூட்டுக்கள் எல்லாம் ஒரே மட்டத்தில் வராதபடி மாறிமாறி அமைக்கப்பட்டுள்ளன. இதனால் காற்றின் விசையைத் தாங்கும் வலு சட்டகத்துக்குக் கிடைக்கின்றது.

சுவர் சுமை தாங்கத் தேவையில்லாததால் அதன் பெரும் பகுதியைச் சாளரமாக மாற்ற முடிந்தது. இங்கே பயன்பட்ட சாளர வகை "சிக்காகோச் சாளரம்" எனப்படுகின்றது. நடுவில் திறக்க முடியாத பெரிய கண்ணாடிப் பலகையும், அதன் இரு புறமும் காற்றோட்டத்துக்காகத் திறக்கக்கூடிய குறுகிய சாளரங்களும் இதில் உள்ளன. முகப்பின் சில பகுதிகளில் சாளரங்கள் சுவர் மட்டத்திலிருந்து வெளியே பிதுங்கி அமைந்து, பக்கவாட்டு ஒளியையும் உள்ளே கொண்டு வருகின்றன.

சாளரங்களுக்கு இடைப்பட்ட ஒடுங்கிய பகுதிகள், பளிங்கு போன்று மெருகிடப்பட்ட வெண்ணிறச் சுடுமண் பலகைகளால் மூடப்பட்டுள்ளன. நிலக்கரிப் புகை நிறைந்திருந்த அக்காலச் சிக்காகோவில், மழை நீரே இப் பலகைகளைக் கழுவித் தூய்மையாக வைத்திருக்கும் என எதிர்பார்க்கப்பட்டது. பிற்காலத்துக் கண்ணாடித் திரைச்சுவர்க் கட்டிடங்களுக்கு இம் முகப்பு ஒரு முன்னோடி எனக் கட்டிடக்கலை வரலாற்றாளர்கள் கருதுகின்றனர்.

சரிவு

மேல் தளங்களின் அறைகளில் மருத்துவர்கள், பல் மருத்துவர்கள் முதலானோர் தொழில் நடத்தினர். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்துக்குப் பின்னர் கட்டிடத்தின் பராமரிப்புக் குறைந்தது. 1948 ஆம் ஆண்டில் கூரையோர அணிப் பிதுக்கம் அகற்றப்பட்டது. மழை கழுவிவிடும் என்று நம்பப்பட்ட வெண்ணிற முகப்பு கறுத்து, பலகைகளில் வெடிப்புக்கள் தோன்றின.

இக் காலத்தில் சிக்காகோவின் மையப் பகுதி பல சிறந்த கட்டிடங்களை இழந்தது. ஸ்டேட் தெருவில் ஒரு தெரு வடக்கே இருந்த, பர்ன்ஹாம் அன்ட் ரூட் நிறுவனம் வடிவமைத்த மேசோனிக் டெம்பிள் 1939 இல் இடிக்கப்பட்டது. அட்லர் அன்ட் சலிவன் நிறுவனத்தின் ஆக்கமான சிக்காகோ பங்குச் சந்தைக் கட்டிடம் 1972 இல் இடிக்கப்பட்டது. அதன் அணிவேலைப்பாடுகளைக் காப்பாற்றுவதற்காக உள்ளே சென்ற ஒளிப்படக் கலைஞர் ரிச்சர்ட் நிக்கல், இடிபாட்டில் சிக்கி உயிரிழந்தார். 1989 இல், வாஷிங்டன் தெருவுக்கு மறு புறத்தில், ரிலையன்ஸ் கட்டிடத்துக்கு நேர் எதிரே உள்ள "37 ஆம் தொகுதி"யின் கட்டிடங்கள் ஏறத்தாழ முழுவதுமாக இடிக்கப்பட்டன. அந்நிலம் பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்தது.

ரிலையன்ஸ் கட்டிடம் 1970 இல் வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. 1975 இல் சிக்காகோவின் நினைவுச் சின்னமாகவும், 1976 இல் தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. எனினும் அறிவிப்பு மட்டும் ஒரு கட்டிடத்தைக் காப்பாற்றி விடுவதில்லை. வாடகை வராத கட்டிடத்தின் கூரை ஒழுகினால் அதைச் சரிசெய்யப் பணம் வேண்டும். 1990களின் தொடக்கத்தில் இதன் மேல் தளங்களின் பெரும் பகுதி ஆளின்றிக் கிடந்தது.

மறுசீரமைப்பு

1994 ஆம் ஆண்டில் சிக்காகோ நகர நிர்வாகம் இக் கட்டிடத்தைக் கையகப்படுத்தியது. முதற் கட்டமாக வெளிப்புறம் சீரமைக்கப்பட்டது. சுடுமண் பலகைகள் தூய்மை செய்யப்பட்டன. பழுதடைந்தவை நீக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் அதே வடிவில் செய்யப்பட்ட புதியவை பொருத்தப்பட்டன. இழந்துவிட்ட கூரையோரப் பிதுக்கம் மீண்டும் அமைக்கப்பட்டது. இரண்டாம் கட்டமாக உட்புறம் விடுதியாக மாற்றப்பட்டது. 1999 ஆம் ஆண்டில் 122 அறைகளுடன், கிம்ப்டன் நிறுவனத்தின் நிர்வாகத்தில், "ஹோட்டல் பர்ன்ஹாம்" என்னும் பெயரில் இது திறக்கப்பட்டது. தரைத்தள உணவகத்துக்கு அட்வூட்டின் பெயர் சூட்டப்பட்டது. 2016 இல் நிர்வாகம் மாறியபோது விடுதி "அலீஸ்" எனவும், பின்னர் "ஸ்டேபைனாப்பிள்" எனவும் பெயர் மாற்றம் பெற்றது.

பூட்டிக் ஹோட்டல் என்னும் கருத்து

பூட்டிக் ஹோட்டல் என்பது, எல்லா ஊர்களிலும் ஒரே மாதிரியாகக் காணப்படும் பெரிய சங்கிலி விடுதிகளிலிருந்து வேறுபட்டு, தனக்கென ஒரு தன்மை கொண்ட சிறிய விடுதியைக் குறிக்கும். கிம்ப்டன் நிறுவனம் 1981 இல் சான் பிரான்சிஸ்கோவில் இவ்வகை விடுதிகளைத் தொடங்கியது. 1984 இல் இயன் ஷ்ரேகரும் ஸ்டீவ் ரூபெலும் நியூயார்க்கில் திறந்த மோர்கன்ஸ் விடுதியும் இவ்வகையின் முன்னோடியாகக் கருதப்படுகின்றது. பிற விடுதிகளைப் பல்பொருள் அங்காடிகளுக்கும், தமது விடுதியைப் பூட்டிக் எனப்படும் தனிச்சிறப்புக் கடைக்கும் ரூபெல் ஒப்பிட்டார் என்றும், அதிலிருந்தே இப்பெயர் பரவியது என்றும் கூறுவர்.

விடுதிப் பயன்பாடு பொருந்தியமைக்கான காரணங்கள்

புதிய அலுவலகங்கள் தூண் இடையூறு இல்லாத அகன்ற தளங்களை வேண்டுகின்றன. சிறிய மனையில் எழுந்த ரிலையன்ஸ் கட்டிடத்தால் அதனைக் கொடுக்க இயலாது. ஆனால் விடுதிக்கு வேண்டியது வேறு. நடைகூடம் ஒன்றும், அதையொட்டிச் சிறிய அறைகளும், ஒவ்வொரு அறைக்கும் ஒரு சாளரமும் அதற்குப் போதும். மருத்துவர்களுக்காகத் திட்டமிடப்பட்ட அறை வரிசை இத் தேவைக்கு ஏறத்தாழ அப்படியே பொருந்தியது. இதனால் பழைய நடைகூடங்களைப் பெருமளவு கலைக்காமலேயே கட்டிடத்தைப் புதிய பயனுக்குக் கொண்டுவர முடிந்தது.

வரிச் சட்டமும் இத்தகைய மாற்றங்களுக்குத் துணை செய்கின்றது. ஐக்கிய அமெரிக்காவில் 1986 ஆம் ஆண்டின் சட்டப்படி, சான்றளிக்கப்பட்ட வரலாற்றுக் கட்டிடமொன்றைச் சீரமைக்கும் தகுதியான செலவில் 20 விழுக்காடு, கூட்டரசு வருமான வரியிலிருந்து கழிக்கப்படும். கட்டிடம் வருமானம் ஈட்டுவதாக இருக்க வேண்டும். வேலை, உள்துறைத் திணைக்களத்தின் சீரமைப்புத் தரங்களுக்கு இணங்க வேண்டும். உரிமையாளர் தாமே குடியிருக்கும் வீட்டுக்கு இச் சலுகை இல்லை. அமெரிக்க நகரங்களில் பழைய வங்கிகளும் அலுவலகங்களும் விடுதிகளாக மாறுவதற்கு இது ஒரு முக்கிய காரணம் ஆகும்.

தங்குபவர் காணக்கூடியவை

இங்கே தங்குபவர்கள் பழைய அலுவலகக் கட்டிடத்தின் அடையாளங்கள் பலவற்றைக் காணலாம். தரைத்தளத்தின் மின்தூக்கிக் கூடத்தில் அணிவேலைப்பாடுள்ள இரும்புத் தட்டிகளும் சலவைக்கற்களும் பழைய தோற்றத்தில் மீளமைக்கப்பட்டுள்ளன. மேல் தளங்களின் நடைகூடங்களில், அலுவலகக் காலத்தை நினைவூட்டும் மங்கலான கண்ணாடி பதித்த மரக் கதவுகள் உள்ளன. அறை எண்கள் அக் கண்ணாடியின் மீதே எழுதப்பட்டுள்ளன.

அறைக்குள் முதலில் கண்ணைக் கவர்வது சாளரம். படுக்கையை விட அகன்ற கண்ணாடி வழியாக ஸ்டேட் தெருவின் போக்குவரத்தையும், எதிர் மூலையின் பெரிய கடிகாரத்தையும் காணலாம். 1890களில் ஒரு மருத்துவருக்குப் பகல் ஒளி ஏன் அவ்வளவு முக்கியமாக இருந்தது என்பதை இச் சாளரத்தின் அருகில் நிற்பவர் எளிதில் உணர்ந்துகொள்வார். பழைய கட்டிடத்துக்கு இயல்பான குறைகளும் உண்டு. அறைகள் எல்லாம் ஒரே அளவினவாக இருப்பதில்லை. பெரிய சாளரங்களின் ஊடாகத் தெருவின் ஓசையும் வரக்கூடும்.

மதிப்பீடு

இத்தகைய மாற்றங்கள் பற்றி இரு வகைக் கருத்துக்கள் நிலவுகின்றன. பொது மரபுச் செல்வம் எனப் போற்றப்படும் கட்டிடத்தின் மேல் தளங்கள், பணம் கொடுத்துத் தங்குவோருக்கு மட்டும் உரியனவாகி விடுகின்றன என்பது ஒரு கருத்து. பூட்டிக் கிடந்து சிதைவதை விட, மக்கள் வந்து போகும் இடமாக இருப்பதே கட்டிடத்துக்கு நல்லது என்பது மற்றொன்று. ரிலையன்ஸ் கட்டிடத்தைப் பொறுத்தவரை, முகப்பு தெருவில் நடக்கும் அனைவருக்கும் உரியது. அந்த முகப்பைப் பராமரிக்கும் செலவுக்கு அறை வாடகை வழி செய்கின்றது. பங்குச் சந்தைக் கட்டிடத்துக்கு அத்தகைய வழி எதுவும் கிடைக்கவில்லை. அதன் நுழைவாயில் வளைவும் வணிகக் கூடமும் சிக்காகோ கலை நிறுவனத்தில் வைக்கப்பட்டுள்ளன. ரிலையன்ஸ் கட்டிடமோ, கட்டப்பட்ட அதே மூலையில் முழுமையாக நிற்கின்றது.