குண்டுக்குத் தப்பியவரை நோய் கொன்றது: அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒரு சிப்பாயின் நாள் எப்படி இருந்தது?

போர் என்றதும் நம் கண்முன் வருவது பீரங்கி, புகை, குதிரைப் பாய்ச்சல். சினிமாவும் அதைத்தான் காட்டுகிறது. ஆனால், 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒரு சாதாரண சிப்பாய் நிஜமாகவே சண்டை போட்ட நாட்கள் குறைவு. மாதக்கணக்கில் முகாமில் காத்திருப்பு, திடீரென்று நாட்கணக்கில் நடை, அப்புறம் சில மணி நேரமோ சில நாட்களோ சண்டை. இதுதான் வழக்கம்.

அந்தப் போரில் சுமார் 6,20,000 வீரர்கள் இறந்தார்கள் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. உண்மையான எண்ணிக்கை இன்னும் அதிகம் என்கின்றன பிந்தைய ஆய்வுகள். இதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மரணங்களுக்குக் காரணம் குண்டு அல்ல, நோய். குடித்த தண்ணீரும் படுத்த இடமும்தான் பலரின் உயிரைத் தீர்மானித்தன.

யாருக்கும் யாருக்கும் சண்டை?

அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ள 11 தென் மாநிலங்கள் நாட்டிலிருந்து பிரிந்து ‘கூட்டமைப்பு’ என்று தனி அரசு அமைத்தன. அதிபர் ஆபிரகாம் லிங்கன் தலைமையிலான வடக்கு, அதாவது ‘யூனியன்’, அதை ஏற்கவில்லை. இரு தரப்பிலும் படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் விவசாயக் குடும்பத்து இளைஞர்கள்.

விடிந்தால் கவாத்து

விடியற்காலையில் பியூகிள் ஊதும். வருகைப் பதிவு, காலை உணவு, அப்புறம் கவாத்து. மதியம் மறுபடியும் கவாத்து. எதற்கு இவ்வளவு? அன்றைய துப்பாக்கியில் ஒவ்வொரு முறையும் குழல் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் இட்டு, கம்பியால் இடித்துத்தான் சுட முடியும். பயிற்சி பெற்றவர் நிமிடத்துக்கு 3 முறை சுடலாம். எதிரே குண்டு பறக்கும்போது யோசிக்க நேரம் இருக்காது. கை தானாக வேலை செய்ய வேண்டும்.

மிச்ச நேரத்தில் விறகு வெட்டுவது, தண்ணீர் சுமப்பது, காவல் நிற்பது, சீட்டாட்டம். கூடவே சட்டையைக் கழற்றிச் சீலைப்பேன் பொறுக்குவது!

பல்லை உடைக்கும் பிஸ்கட்

யூனியன் சிப்பாயின் பிரதான உணவு ‘ஹார்ட்டாக்’. மாவும் தண்ணீரும் சேர்த்துச் சுட்ட, சுமார் 3 அங்குலச் சதுரமான கெட்டி பிஸ்கட். ஒரு நாளைக்கு 9 அல்லது 10 கிடைக்கும். அப்படியே கடித்தால் பல் போய்விடும். சூடான காபியில் முக்குவார்கள். உள்ளே இருக்கும் வண்டுகள் மேலே மிதக்கும், எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுவார்கள். ‘புழுக் கோட்டை’ என்று அதற்குப் பட்டப்பெயரே உண்டு. கூடவே உப்பிட்ட பன்றி இறைச்சி. காய்கறி அபூர்வம்.

தெற்கின் நிலை இன்னும் மோசம். துறைமுகங்களை வடக்கின் கடற்படை முற்றுகையிட்டதால் காபி கிடைக்கவில்லை. வறுத்த தானியம், ஓக் கொட்டை என்று எதையெதையோ காய்ச்சிக் குடித்தார்கள். தெற்கிடம் புகையிலை இருந்தது, வடக்கிடம் காபி இருந்தது. சண்டை இல்லாத நேரத்தில் எதிரெதிர் காவல் வீரர்கள் ரகசியமாகப் பண்டமாற்று செய்துகொண்டதும் உண்டு.

முதுகில் 20 கிலோ

படை நகரத் தொடங்கினால் துப்பாக்கி, 40 தோட்டாக்கள், போர்வை, பாதிக் கூடாரத் துணி, தண்ணீர்க் குடுவை, சில நாள் உணவு என சுமார் 20 கிலோ முதுகில் ஏறும். கூடாரத் துணி ஏன் பாதி? இன்னொருவரின் பாதியோடு பொத்தான் போட்டு இணைத்தால்தான் முழுக் கூடாரம்! வெயில் ஏறினால் போர்வையையும் மேல்கோட்டையும் வழியிலேயே வீசிவிட்டுப் போவார்கள். தெற்கின் வீரர்கள் பலருக்குக் காலணியே கிடையாது.

எதிரி ஓடைக்குள் இருந்தான்

ஒரு பெரிய படை முகாம் என்பது ஒரே வாரத்தில் முளைத்த நகரம் மாதிரி. 1862-ல் யூனியனின் பொட்டோமாக் படையில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். ஆனால் அந்த ‘நகரத்துக்கு’ சாக்கடை வசதி இல்லை. கழிப்பறைக் குழி வெட்டச் சொல்லி உத்தரவு உண்டு. பலர் அதுவரை போகாமல் கூடாரத்துக்குப் பின்னாலேயே முடித்துக்கொண்டார்கள். மழை பெய்தால் எல்லாம் ஓடையில் கலக்கும். குடிதண்ணீரும் அதே ஓடையில்தான்.

விளைவு: வயிற்றுப்போக்கு, சீதபேதி, டைபாய்டு. சதுப்பு நிலங்களில் மலேரியா. சிறு வயதில் தட்டம்மை வராத கிராமத்துப் பையன்கள் முகாமுக்கு வந்ததும் கொத்துக்கொத்தாகப் படுத்தார்கள். கிருமிதான் காரணம் என்று அன்று மருத்துவர்களுக்கே தெரியாது. கெட்ட காற்றால் நோய் வருகிறது என்று நம்பினார்கள். ஒரே கத்தியைக் கழுவாமல் அடுத்தடுத்த காயங்களுக்குப் பயன்படுத்தினார்கள்.

சம்பளத்திலும் நிறம்

யூனியன் சிப்பாயின் மாதச் சம்பளம் 13 டாலர். அதுவும் பல மாதம் தாமதமாகவே வரும். கறுப்பின வீரர்களுக்கோ 10 டாலர்தான். அதிலும் உடைக்காக 3 டாலர் பிடித்தம். கையில் வந்தது 7 டாலர். ‘குளோரி’ படத்தில் வரும் 54-வது மாசசூசெட்ஸ் படைப்பிரிவு, “சமமாகக் கொடுத்தால் வாங்குகிறோம், இல்லையென்றால் வேண்டாம்” என்று ஒரு வருஷத்துக்கும் மேல் சம்பளத்தையே மறுத்தது. சம்பளம் வாங்காமலே சண்டையும் போட்டது. 1864 ஜூனில்தான் நாடாளுமன்றம் சம ஊதியத்தை ஏற்றது.

சட்டையில் குத்திய பெயர்

அன்று ராணுவம் அடையாள வில்லை எதுவும் தரவில்லை. அதனால், கடும் தாக்குதலுக்கு முன் சில வீரர்கள் பெயரையும் ஊரையும் காகிதத்தில் எழுதி சட்டையில் குத்திக்கொண்டார்கள். செத்தால் வீட்டுக்குத் தகவலாவது போகட்டுமே என்றுதான். அப்படியும் போருக்குப் பின் தேசியக் கல்லறைகளில் மறுபடி புதைக்கப்பட்ட யூனியன் வீரர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேரின் பெயர் தெரியவில்லை.

பிறகு என்ன மாறியது?

காயம்பட்டவர்களைக் களத்திலிருந்து முறையாகத் தூக்கி வர, ஜோனதன் லெட்டர்மேன் என்ற ராணுவ மருத்துவர் 1862-ல் ஆம்புலன்ஸ் வண்டிப் படையை உருவாக்கினார். 1864-ல் அது யூனியன் படை முழுமைக்கும் சட்டமானது. முகாம் சுகாதாரத்தைக் கண்காணிக்கத் தன்னார்வ ஆணையம் ஒன்று இயங்கியது. அடையாள வில்லையை அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டது 1906-ல்தான். சட்டையில் காகிதம் குத்திய தலைமுறை அதற்குள் முதுமையை எட்டிவிட்டது.