கராஜுக்குள் ஒரு குட்டி ராட்டினம்!

ஷட்டர் பாதி ஏறும்போதே பார்த்துவிட்டேன். காருக்குப் பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புத் தூண். அதன் தலையில் வட்டமான எஃகுத் தட்டு. தட்டின் விளிம்பில் திசைக்கு ஒன்றாக நான்கு பிரஸ்கள், நெம்புகோல்களை நீட்டிக்கொண்டு! வீட்டுக்காரர் ஒற்றை விரலால் தட்டைத் தள்ளினார். சத்தமில்லாமல் கால் வட்டம் சுற்றி, ‘டக்’கென்று நின்றது. என்னை அறியாமல் கைதட்டிவிட்டேன்.

டெக்சாஸில் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தபோது, பக்கத்து வீட்டு கராஜில் கிடைத்த தரிசனம் இது. சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை அங்கே பலர் எறிவதில்லை. சுத்தம் செய்து, பிரஸ்ஸில் வைத்துப் பழைய அளவுக்கு அழுத்தி, பற்றவைக்கும் புதிய பிரைமரும் வெடிமருந்தும் குண்டும் சேர்த்து மறுபடி தோட்டா ஆக்குகிறார்கள். ‘ரீலோடிங்’ என்று பெயர். ரேஞ்சில் குறிபார்த்துச் சுடுகிறவர்களுக்கும் வேட்டைக்காரர்களுக்கும் இது பல தலைமுறைப் பொழுதுபோக்கு. இந்த பிரஸ்களுக்குப் பேர்போன ஆர்.சி.பி.எஸ். கம்பெனியை ஃப்ரெட் ஹண்டிங்டன் 1943இல் கலிஃபோர்னியாவில் தொடங்கினார். ‘ராக் சக்’ என்பது மலைப்பாறைகளில் வாழும் ஒரு பெரிய அணில் இனம். அதைச் சுடுவதற்கான குண்டுகளை அழுத்தி உருவாக்க அவர் செய்த அச்சின் பெயரைச் சுருக்கியதுதான் அந்த நான்கு எழுத்து!

சரி, ஒருவருக்கு எதற்கு நான்கு பிரஸ்? ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். ஒற்றை வேலைக்கான பிரஸ் நிதானமானது, ரைஃபிள் தோட்டாவின் நீளமான கூடுகளை அதில்தான் அழுத்துவார். இன்னொன்றில் தலைப்பகுதி சுழன்று அடுத்த அச்சைக் கொண்டுவரும். வேறொன்றில் அடித்தட்டு சுழன்று கூட்டை அடுத்த நிலைக்கு நகர்த்தும். ஆக, சுழலும் தட்டின் மேல் சுழலும் பிரஸ்! பெஞ்சிலோ ஒன்றுக்குத்தான் இடம். மாற்றும்போதெல்லாம் போல்ட்டைக் கழற்றி மாட்டிச் சலித்துப் போனவர், இந்தத் தூணை நட்டுவிட்டார்.

சுழல வைப்பது எது என்று குனிந்து பார்த்தேன். டிரெய்லர் வண்டியின் சக்கர ஹப்! படுத்துக் கிடக்க வேண்டிய அச்சு, குழாய்த் தூணுக்குள் செங்குத்தாக வெல்டிங் செய்யப்பட்டிருந்தது. 3,500 பவுண்டு அச்சுக்கான ஹப் அது. இரண்டு சக்கரத்துக்குப் பங்கிட்டால் ஒன்றின் மேல் ஏறத்தாழ 800 கிலோ. நான்கு பிரஸ்ஸெல்லாம் அதற்கு ஒரு சுமையா! உள்ளே இருப்பவை கூம்பு உருளை பேரிங்குகள். குதிரை வண்டி செய்துகொண்டிருந்த ஹென்றி டிம்கன் 1898இல் காப்புரிமை பெற்ற அதே வகை. வண்டி திரும்பும்போது பக்கவாட்டிலும் பாரம் விழும், அதையும் தாங்கப் பிறந்தது. அந்தக் குணம்தான் இங்கே கை கொடுக்கிறது.

ஏனென்றால், நெம்புகோலைக் கீழே இழுக்கும்போது தட்டு அந்தப் பக்கமாகச் சாயப் பார்க்கும். பேரிங்கில் மயிரிழை ஆட்டம் இருந்தாலும் விளிம்பில் அது பெரிதாகத் தெரியும். சாலையில் ஓடும் ஹப்பில் நட்டை இறுக்கிவிட்டுச் சற்றுத் தளர்த்துவார்கள், சூடேறாமல் இருக்க. இது ஓடப் போவதில்லையே! அதனால் ஆட்டமே இல்லாத அளவுக்கு இறுக்கியே விட்டிருக்கிறார். போதாக்குறைக்கு, இழுக்கும் இடத்தில் தட்டுக்கு அடியில் ஒரு முட்டு.

இப்போது என்னைக் கிறங்கடித்த விஷயம். தேரை இழுப்பதைவிட முட்டுக்கட்டை போட்டு நிறுத்துவதில்தான் திறமை இருக்கிறது, இல்லையா? இங்கே முட்டுக்கட்டை ஒரு ஸ்பிரிங் ஊசி. தட்டில் 90 பாகைக்கு ஒரு துளை. ஊசி தானாகத் துளைக்குள் விழுந்து தட்டைப் பூட்டும். முதல் தட்டில் துளைகளை மையத்துக்கு அருகில், 5 சென்டிமீட்டரில் போட்டாராம். ஊசிக்கும் துளைக்கும் அரை மில்லிமீட்டர் இடைவெளிதான். ஆனால் 30 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் விளிம்பில் அது 3 மில்லிமீட்டர் ஆட்டமாகிவிட்டது! துளைகளை 25 சென்டிமீட்டருக்குத் தள்ளியதும் அதே இடைவெளி விளிம்பில் 0.6 மில்லிமீட்டராகச் சுருங்கியது. பள்ளிக்கூடக் கணக்குத்தான், ஆனால் இரும்பில் பார்க்கும்போது என்ன சந்தோஷம்!

ஹப்பில் ஐந்து போல்ட், பிரஸ் நான்கு. போல்ட்டுகளின் இடைவெளி 72 பாகை என்பதால் துளை போட அவற்றை அளவாக வைக்க முடியாது. வட்டத்தை மறுபடி தனியாக நான்காகப் பகுத்து, பஞ்ச் அடித்து, துளையிட்டிருக்கிறார். அந்தப் பஞ்ச் குறிகள் இன்னும் தெரிகின்றன. தட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு: மருந்து அளந்து ஊற்றும் கருவியைத் தட்டில் ஏற்றுவதில்லை. அதிர்ந்தால் அளவு மாறும். அது சுவரில், தனிப் பலகையில் இருக்கிறது. சட்டம் என்று பார்த்தால், சொந்த உபயோகத்துக்கு ரீலோடிங் செய்ய அமெரிக்காவில் மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்பதற்குச் செய்தால் தேவை. நம் நாட்டில் உரிமமில்லாமல் தோட்டா செய்வது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.

தூணுக்கும் தட்டுக்கும் எந்தச் சட்டமும் இல்லை. வைஸ், கிரைண்டர், டிரில் என்று இடமில்லாமல் தவிக்கும் பட்டறை உங்களுடையதா? பழைய ஹப் ஒன்று தேடிப் பிடியுங்கள். ஊசித் துளையை மட்டும் விளிம்போரம் போடுங்கள்.