வாக்காளர் இடாப்பும் வீட்டுக் கடனும்

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது பழமொழி. பிரித்தானியாவுக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவும் முதலில் ஓர் அறை, பின்னர் ஒரு வாடகை வீடு, அதன்பின் சொந்த வீடு என்று படிப்படியாகவே முன்னேறியுள்ளன. கணவனும் மனைவியும் ஓய்வின்றி உழைத்து, சீட்டுக் கட்டி, முற்பணத்தைச் சேர்த்துவிட்ட பின்னரும் வங்கி அவர்களுடைய விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவதுண்டு. சம்பளம் போதுமானது, கடன் பாக்கி எதுவுமில்லை, ஒரு தவணைதானும் தவறியதில்லை. அப்படியாயின் குறை எங்கே? சில வேளைகளில் அது கவுன்சிலிலிருந்து வந்த ஒரு கடிதத்தை எவரும் பிரித்துப் பாராமல் விட்டதில் இருக்கும். அக்கடிதம் வாக்காளர் இடாப்புப் பற்றியது.

வாக்குரிமைக்கும் வீட்டுக் கடனுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பது நியாயமே. வாக்காளராகப் பதிந்தவருக்கே மோட்கேஜ் கொடுக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. ஆயினும் நடைமுறையில் இவ்விரண்டும் நெருங்கிப் பிணைந்துள்ளன. அந்தப் பிணைப்பை முன்கூட்டியே அறிந்திருப்பவருக்கு அலைச்சல் குறையும்.

வங்கி எதைப் பார்க்கிறது?

பிரித்தானியாவில் எக்ஸ்பீரியன், ஈகுவிபாக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் என மூன்று பெரிய கடன் தகவல் நிறுவனங்கள் உள்ளன. ஒருவருடைய வங்கிக் கடன், கடன் அட்டை, தொலைபேசிக் கணக்கு, நீதிமன்றத் தீர்ப்பு, வங்குரோத்து முதலிய விபரங்களை இவை திரட்டி வைக்கின்றன. இவற்றோடு வாக்காளர் இடாப்பையும் விலை கொடுத்து வாங்கிச் சேர்த்துக்கொள்கின்றன. இந்நிறுவனங்கள் எவருக்கும் கடன் கொடுப்பதுமில்லை, மறுப்பதுமில்லை. விபரத்தைக் கொடுப்பதே அவற்றின் வேலை. தீர்மானிப்பது வங்கி, அதுவும் ஒவ்வொரு வங்கிக்கும் ஒவ்வொரு கணக்கு.

இந்த விபரங்களுள் வாக்காளர் இடாப்பின் இடம் தனியானது. இன்ன பெயருடையவர் இன்ன முகவரியில் வசிக்கிறார் என்பதற்கு அது ஓர் அரசாங்கப் பதிவு. களவாகப் பிறர் பெயரில் கடன் எடுப்போரைத் தடுக்கவும், கறுப்புப் பணச் சட்டங்களின்படி விண்ணப்பகாரர் யாரென உறுதி செய்யவும் வங்கிகள் அதனைப் பயன்படுத்துகின்றன. கணினி விநாடிப்பொழுதில் இடாப்பைப் பார்க்கிறது. பெயர் இருந்தால் மேலே செல்கிறது. இல்லாவிட்டால் புள்ளி குறையலாம், மேலும் பத்திரங்கள் கேட்கப்படலாம், அல்லது விண்ணப்பம் அப்படியே நின்றுவிடலாம். வீடு விற்பவர் அதுவரை காத்திருப்பாரா என்பது சந்தேகமே.

மோட்கேஜ் விண்ணப்பத்தில் பொதுவாக மூன்று ஆண்டு முகவரிகள் கேட்கப்படும். வாடகை வீடுகள் மாறிமாறி இருந்தவர் ஒவ்வொரு முகவரியிலும் பதிந்திருந்தால் அந்த மூன்று ஆண்டுகளும் தாமாகவே சாட்சி சொல்லும். கவுன்சில் வரி ஒழுங்காகக் கட்டுவதால் பெயர் தானாகவே இடாப்பில் ஏறிவிடும் என்று சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. வரி வேறு, வாக்காளர் பதிவு வேறு. வீடு மாறினால் புதிதாகப் பதியவேண்டும்.

குடும்பத் தலைவர் கையொப்பமிட்ட காலம் போய்விட்டது

முன்னர் ஆண்டுக்கொருமுறை வரும் படிவத்தில் வீட்டுத் தலைவர் எல்லாருடைய பெயரையும் எழுதி அனுப்பினால் போதுமாயிருந்தது. 2014ஆம் ஆண்டில் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்து ஆகிய இடங்களில் இம்முறை மாற்றப்பட்டது. அதுமுதல் ஒவ்வொருவரும் தத்தம் பிறந்த திகதியையும் தேசிய காப்புறுதி இலக்கத்தையும் கொடுத்துத் தாமே பதியவேண்டும். தகப்பனார் எழுதிவிடுவார் என்றிருந்த பிள்ளைகளும், கணவன் பார்த்துக்கொள்வார் என்றிருந்த மனைவியரும் இதனால் விடுபட்டுப் போயினர். பின்னர் இருவர் சம்பளத்தையும் சேர்த்துக் கூட்டு விண்ணப்பம் செய்யும்போதுதான் மனைவியின் பெயர் எங்கும் இல்லை என்பது தெரியவருகிறது.

யார் பதியலாம்?

பிரித்தானியப் பிரசாவுரிமை பெற்றவர் மாத்திரமே வாக்களிக்கலாம் என்பது பரவலான தப்பெண்ணம். பொதுநலவாய நாட்டுப் பிரசைகள் இங்கு தங்கும் அனுமதியோடு வசித்தால் பாராளுமன்றத் தேர்தல் உட்பட எல்லாத் தேர்தல்களுக்கும் பதியலாம். இலங்கை, இந்தியா, மலேசியா, சிங்கப்பூர், மொரிசியசு, தென்னாபிரிக்கா யாவும் பொதுநலவாய நாடுகளே. ஆகவே இலங்கைக் கடவுச்சீட்டோடு வேலை அனுமதியில் வந்த தாதியும், இந்தியாவிலிருந்து படிக்க வந்த மாணவனும் வந்த ஆண்டிலேயே பதிய உரித்துடையவர்கள். தங்கும் அனுமதி இன்னும் கிடைக்காதவர் பதிய முடியாது.

ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்து வந்த தமிழர் நிலை சற்று வேறானது. டென்மார்க், போலந்து, போர்த்துக்கல், ஸ்பெயின், லக்சம்பேர்க் பிரசைகள், உடன்படிக்கைகளின் பயனாக, உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பதியலாம். ஜேர்மனி, பிரான்சு, நெதர்லாந்து முதலிய ஏனைய ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் பிரசைகளாயின், 2020 டிசெம்பர் 31இற்கு முன்னரே இங்கு வந்து சட்டப்படி தொடர்ந்து வசிப்பவர்களுக்கு அவ்வுரிமை உண்டு. சுவிற்சர்லாந்து, நோர்வே பிரசைகள் இங்கிலாந்தில் பதிய முடியாது. ஸ்கொட்லாந்திலும் வேல்சிலும் உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பதியலாம்.

பதிய உரித்தில்லாதவர் மனம் தளரவேண்டியதில்லை. கவுன்சில் வரிச் சீட்டு, வங்கிக் கணக்கறிக்கை, சாரதி அனுமதிப் பத்திரம் போன்றவற்றைக் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்பி, தமக்கு வாக்குரிமை இல்லாமையாலேயே பெயர் இல்லை என்ற குறிப்பைத் தம் கோவையில் சேர்க்கும்படி கேட்கலாம்.

பெயரில் வரும் வில்லங்கம்

இடாப்பில் பெயர் இருந்தும் இல்லாததுபோல் ஆகும் தொல்லை தமிழருக்குச் சிறப்பாக உண்டு. தகப்பன் பெயரை முன்னெழுத்தாக வைத்துத் தன் பெயரை எழுதுவது தமிழ் வழக்கம். இங்குள்ள படிவமோ முதற்பெயர், குடும்பப் பெயர் என்று கேட்கிறது. கந்தையா மகன் சிவகுமார் வங்கியில் கே. சிவகுமார் ஆகிறார், இடாப்பில் சிவகுமார் கந்தையா ஆகிறார், சம்பளச் சீட்டில் கந்தையா சிவகுமார் ஆகிறார். அவருடைய மனைவிக்குச் சிவகுமார் குடும்பப் பெயர், பிள்ளைகளுக்கும் அதுவே. ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் எழுத்துக் கூடுவதும் குறைவதும் வேறு. மனிதர் பார்த்தால் ஒருவரே என்பது விளங்கும். கணினிக்கு அவர்கள் மூவர்.

முகவரியும் அவ்வாறே. ஒரு வீடு மேல்மாடி, கீழ்மாடி என்று பிரிக்கப்பட்டிருக்கும்போது வங்கியில் ஒருவிதமாகவும் கவுன்சிலில் வேறுவிதமாகவும் இலக்கம் எழுதப்பட்டிருந்தால் இரண்டும் பொருந்தா. கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே வங்கி, வேலைத்தலம், இடாப்பு எல்லாவற்றிலும் கைக்கொள்வதே இதற்குப் பரிகாரம்.

பட்டியலைக் கண்டு அஞ்சுவோர்

வேண்டுமென்றே பதியாதிருப்போரும் உளர். அவர்களுடைய அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடலாகாது. 1983 யூலைக் கலவரத்தின்போது கொழும்பில் காடையர்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டே தமிழர் வீடுகளைத் தேடி வந்தனர். அதனைக் கண்ணாற் கண்டவர்கள் தம் பெயரும் முகவரியும் எந்தப் பட்டியலிலும் இருப்பதை விரும்பாதது இயல்பே.

இவர்கள் அறியவேண்டியது, இந்நாட்டில் இடாப்பு இரு வகைப்படும் என்பது. முழு இடாப்புத் தேர்தலுக்கும், குற்றத் தடுப்புக்கும், கடன் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பதற்குமாகச் சட்டம் குறித்த தேவைகளுக்கே கொடுக்கப்படும். பொதுமக்கள் அதனை மேற்பார்வையின் கீழ்ப் பார்த்துக் கையால் குறிப்பெடுக்கலாமேயன்றிப் பிரதி எடுக்க இயலாது. திறந்த இடாப்பை எவரும் எத்தேவைக்கும் வாங்கலாம். ஆனால் அதிலிருந்து பெயரை நீக்கும்படி கேட்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு.

இந்த உரிமை ஒரு வழக்கினால் கிடைத்தது. வேக்ஃபீல்டைச் சேர்ந்த பிறையன் ரொபேட்சன் என்னும் வாக்காளர், தம் பெயரையும் முகவரியையும் விளம்பர நிறுவனங்களுக்கு விற்கக் கூடாதென 2001ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத்தில் வாதாடி வென்றார். அதன் பின்னர் 2002ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி இரு இடாப்புகள் வந்தன. கடன் தகவல் நிறுவனங்களுக்கு முழு இடாப்பை விற்பதையும் அவர் எதிர்த்தார். 2003இல் நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. எனவே திறந்த இடாப்பிலிருந்து பெயரை நீக்கினாலும் கடன் விண்ணப்பத்துக்கு எவ்வித பாதிப்பும் இல்லை. உயிராபத்துக்கு அஞ்சுவோர் தக்க ஆதாரங்களுடன் பெயர் வெளியிடாப் பதிவுக்கும் விண்ணப்பிக்கலாம்.

யூரராக அழைப்பார்களே என்று அஞ்சுவோர் சிலர். இடாப்பிலிருந்தே யூரர்கள் தெரிவு செய்யப்படுகிறார்கள் என்பது உண்மை. ஆயினும் அதற்காக ஒதுங்கி நிற்பவர், பதியும்படி கட்டளை வந்த பின்னரும் பதியாவிட்டால் 80 பவுண் தண்டம் கட்ட நேரிடலாம் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இன்னொரு பயம், ஒரே வீட்டிலிருக்கும் மைத்துனரின் கடன் தம் தலையில் பொறியுமோ என்பது. ஒரே முகவரியில் பதிந்திருப்பதால் மாத்திரம் ஒருவர் கடன் மற்றவரைச் சாராது. கூட்டு வங்கிக் கணக்கோ கூட்டுக் கடனோ இருந்தால்தான் இருவர் கோவைகளும் இணைக்கப்படும்.

செய்யவேண்டியவை

வீடு வாங்க எண்ணுபவர் விண்ணப்பிக்கும் வாரத்தில் ஓடித்திரியாமல் ஆறு மாதத்துக்கு முன்னரே ஆயத்தம் செய்வது நன்று. இணையத்தில் பதிய ஐந்து நிமிடம் போதும். இயலாதவர் கவுன்சிலில் கடதாசிப் படிவம் கேட்டு வாங்கலாம். பதிந்த பெயர் கடன் கோவையில் தோன்றச் சில வாரங்கள் செல்லும். ஆடி, ஆவணி மாதங்களில் ஆண்டு மீளாய்வுக் கடிதங்கள் வரத் தொடங்கும். திருத்திய இடாப்பு வழக்கமாக டிசெம்பர் 1ஆம் திகதி வெளிவரும்.

அடுத்து, மூன்று நிறுவனங்களிடமும் தம் கோவையின் பிரதியைக் கேட்டுப் பெறவேண்டும். 2018 முதல் இதற்குக் கட்டணமில்லை. பிழை இருந்தால் எழுத்தில் அறிவிக்கலாம். 28 நாட்களுள் பதில் தருவது அந்நிறுவனத்தின் கடமை. பிழை திருத்தப்படாவிடின் 200 சொற்களுக்கு மேற்படாத விளக்கக் குறிப்பொன்றைக் கோவையில் சேர்ப்பிக்க 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டம் இடமளிக்கிறது. ஒரு வங்கி மறுத்தவுடன் காரணம் அறியாமல் நாலைந்து வங்கிகளுக்கு விண்ணப்பிப்பது நன்றன்று. ஒவ்வொரு விண்ணப்பமும் கோவையில் பதிவாகி, பணமுடை உள்ளவர் போன்ற தோற்றத்தைத் தரும்.

சீட்டுப் பற்றியும் ஒரு சொல். இருபது பேர் கூடி நம்பிக்கையின்மேல் நடத்தும் சீட்டில் ஒருவர் பத்து ஆண்டுகள் ஒரு மாதமும் தவறாது கட்டியிருக்கலாம். அந்த நாணயம் கடன் கோவையில் ஒரு வரியாகவும் ஏறாது. அன்றியும் முற்பணம் வந்த வழியை வங்கியும் சொலிசிற்றரும் கேட்பர். ஆகவே சீட்டுப் பணம் வங்கிக் கணக்கினூடாகவே வந்து போவதும், கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதும் நல்லது.

வாக்காளர் பதிவு எல்லாப் பிணிக்கும் மருந்தன்று. தவறிய தவணையும், கட்டாத கடனும் ஆறு ஆண்டுகள் கோவையில் நிற்கும். அவற்றை இடாப்பு மறைக்காது. சம்பளம் போதாதவருக்கு அது வீடு வாங்கித் தரவும் மாட்டாது. கடனை ஒழுங்காகக் கட்டி, கைப்பணமும் சேர்த்தவர், தாம் இன்னார் என்று நிறுவ முடியாமல் வெறுங்கையோடு திரும்பாதிருக்க அது உதவும்.

இத்தனைக்கும் மேலாக, அந்த இடாப்பின் முதற்பயன் வாக்கு. பிள்ளை படிக்கும் பாடசாலை, முதியோர் பராமரிப்பு, வீதி, குப்பை, கோயில் கட்ட அனுமதி யாவும் கவுன்சிலில் தீர்மானிக்கப்படுகின்றன. வீட்டுக் கடனுக்காகப் பதிந்தவரும் தேர்தல் நாளில் அடையாள அட்டையோடு வாக்குச் சாவடிக்குச் செல்ல மறக்கலாகாது.