உங்களுக்குத் தெரியுமா? காய்ச்சலுக்கும் ஒரு கணக்கு உண்டு

ஒத்தக்கடை போன்ற ஓர் ஊரில் ஒருவருக்கு வந்த காய்ச்சல், இருமல் பற்றிய தகவல் டெல்லி வரை போக வழி இருக்கிறது. 2004-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் மூன்று படிவங்கள். கிராம சுகாதாரச் செவிலியர் அறிகுறிகளைக் கேட்டு நிரப்புவது ‘எஸ்’, மருத்துவர் பார்த்துப் பதிவது ‘பி’, ஆய்வகம் உறுதிசெய்தால் ‘எல்’. வாரம் ஒருமுறை போய்க்கொண்டிருந்த இந்தக் கணக்கு இப்போது இணையத்தில் அன்றாடம் ஏறுகிறது.

எல்லாக் காய்ச்சலும் ஃப்ளூ கணக்கில் சேராது. 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல், கூடவே இருமல், இரண்டும் கடந்த 10 நாளுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நிலை என்றால் அது தனிப் பட்டியல். இவர்களிலும் சிலருக்குத்தான் மூக்கிலும் தொண்டையிலும் சளி எடுத்துப் பரிசோதிப்பார்கள். அதனால் செய்தித்தாளில் வரும் ‘உறுதியான’ எண்ணிக்கை எப்போதும் உண்மையைவிடக் குறைவுதான். கசாயம் குடித்துவிட்டு வீட்டிலேயே படுத்திருந்தவர்களை யார் எண்ணுவது? அதிகாரிகள் கவனிப்பது எண்ணை மட்டுமல்ல, போன வாரத்தைவிட ஏறுகிறதா என்பதையும்தான்.

அப்படி ஏறினால் முகாம்களும் நடக்கும்: எச்3என்2 என்ற ஃப்ளூ வைரஸ் பரவிய 2023-இல், மார்ச் 10 அன்று தமிழகம் முழுக்க 1,000 காய்ச்சல் முகாம்கள் நடந்தன.

ஃப்ளூ கண்காணிப்பு இந்தியாவோடு நிற்பதில்லை. புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனம், உலகச் சுகாதார நிறுவனம் 1952-இல் உருவாக்கிய ஃப்ளூ கண்காணிப்பு வலையமைப்பில் இருக்கிறது. அந்த வலையமைப்பின் தரவுகளை வைத்துத்தான் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் அடுத்த தடுப்பூசியில் எந்த வகை வைரஸ்கள் இடம்பெற வேண்டும் என்று பரிந்துரைக்கிறார்கள்.