தழும்பைப் பார்ப்பதா, தளர்ச்சியைப் பார்ப்பதா?

மார்பகத் தளர்ச்சியைப் பற்றிப் பெற்ற தாயிடம்கூடச் சொல்லக் கூசுவோர் நம்மில் பலர். மீஞ்சூரிலிருந்து மின்சார ரயிலில் சென்றுவரும் தொலைவிலுள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ, மார்பகச் சீரமைப்பு அறுவை சிகிச்சையை ஏழைப் பெண்களுக்கும் இலவசமாக வழங்கும் திட்டம் 2018-இல் தொடங்கப்பட்டது.

தளர்ந்த மார்பை உயர்த்தும் முறைகளில் முக்கியமானவை மூன்று. காம்பு, மார்பின் அடிமடிப்புக்கு நேராக இருந்தால் கருவட்டத்தைச் சுற்றிய கீறலே பெரும்பாலும் போதும். மடிப்புக்குக் கீழே இறங்கியிருந்தால், வட்டத்திலிருந்து செங்குத்தாக இன்னொரு கீறலும் தேவை. காம்பு தரையை நோக்கியிருந்தாலோ, மடிப்பு நெடுகவும் கீற வேண்டிவரும். தழும்பு சிறியது என்பதற்காக முதல் முறையை வற்புறுத்திக் கேட்காதீர்கள். தளர்ச்சி மிகுந்திருக்கையில் அதைச் செய்தால் மார்பு தட்டையாகும். கருவட்டமும் நாளடைவில் அகன்றுவிடும்.

ஓயாத கழுத்துவலி, தோளில் உள்ளாடைப் பட்டை அழுந்திய தடம், மடிப்பில் வேர்வைப் புண் ஆகியவை இருப்பின் அது வெறும் அழகுப் பிரச்சினையன்று. அவர்களுக்கு உயர்த்தினால் மட்டும் போதாது, பாரத்தையும் குறைக்க வேண்டும்.

இன்னும் பிள்ளைப்பேற்றை நாடுவோர் பொறுத்திருப்பதே நலம். கர்ப்பத்தில் மார்பு மீண்டும் தளரும். அறுவைக்குப் பின் தாய்ப்பால் குறையவும் கூடும். சர்க்கரை நோயிருந்தால் மறைக்க வேண்டாம், காயம் ஆறச் சுணங்கும். கட்டி தட்டுப்பட்டால் முதலில் அதற்குரிய பரிசோதனை, மற்றதெல்லாம் பிறகு.