மினாராவும் கலங்கரை விளக்கமும்: ஒரு பிள்ளையின் உயரக் கொப்பி

என் தங்கையின் மகன் தரம் ஐந்தில் படிக்கிறான். அவனிடம் ஒரு கொப்பி இருக்கிறது. அதில் முழுக்க உயரங்கள்தான். புர்ஜ் கலீபா 828 மீட்டர், ஷங்ஹாய் கோபுரம் 632, மக்கா மணிக்கூட்டுக் கோபுரம் 601, கோலாலம்பூர் பெட்ரோனாஸ் 452, கொழும்புத் தாமரைக் கோபுரம் ஏறத்தாழ 350, ஈபிள் 330. "ஸ்கொலசிப் சோதினை வருகுது, இவன் கட்டடத்த எண்ணிக்கிட்டு இரிக்கான்" என்பது தங்கையின் முறைப்பாடு.

இப்படியான பிள்ளைகள் எந்த வகுப்பிலும் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை நமது கரையோரம் தட்டையானது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். மலையைக் காண வேண்டுமென்றால் மேற்கே தூரத்தில் நீலமாகத் தெரிவதைப் பார்க்கலாம், அவ்வளவுதான். உயரம் இல்லாத ஊர்ப் பிள்ளைக்கு உயரத்தின் மீது ஆசை வருவது இயல்பு. அந்த ஆசையைத் தடுக்காமல் அறிவாக மாற்றுவது எப்படி என்பதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

சொல்லிலிருந்து தொடங்குவோம்

பள்ளிவாசலில் நாம் காணும் மினாராவுக்கு அறபியில் 'மனாரா' என்று பெயர். 'நூர்' என்ற ஒளியைக் குறிக்கும் சொல்லும் அதே வேரில் பிறந்தது. மனாரா என்றால் ஒளி தரும் இடம். வெளிச்சவீட்டையும் அறபிகள் இச்சொல்லால்தான் அழைத்தனர். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில், நூறு மீட்டருக்கும் அதிக உயரத்தில் எழுந்த அலெக்சாந்திரியா வெளிச்சவீட்டை இப்னு பதூதா 1326இல் பார்த்தார். அப்போது அதன் ஒரு பக்கம் இடிந்திருந்தது. 1344இல் அவர் செரந்தீபுக்கு வந்து பாவா ஆதம் மலையில் ஏறினார். ஊர் திரும்பும் வழியில் 1349இல் மீண்டும் அங்கு போனபோது, உள்ளே நுழையவே முடியாத அளவுக்கு அது சிதைந்துபோயிருந்தது.

தமிழிலும் இதற்கு அழகான சொல் உண்டு. கலங்கரை விளக்கம் என்பதைப் பலர் 'கரையிலுள்ள விளக்கு' என்று பொருள் கொள்கின்றனர். 'கரைதல்' என்றால் அழைத்தல். காகம் கரைகிறது என்கிறோமல்லவா? கலங்களைக் கரைந்து அழைக்கும் விளக்கு அது. சங்க இலக்கியமான பெரும்பாணாற்றுப்படை இதைக் காட்டுகிறது: ஏறுவதற்கு அரிய உயர்ந்த மாடம், அதன் உச்சியில் இரவில் ஏற்றிய தீ, அதைக் கண்டு துறைக்கு வரும் கலங்கள்.

மஸ்ஜிதுந் நபவியின் அருகே இருந்த உயரமான வீடொன்றின் மேலிருந்து பிலால் (ரழி) அவர்கள் பாங்கு சொன்னதை ஹதீஸ் நூல்களில் படிக்கிறோம். விளக்கு கலத்தை அழைக்கிறது, பாங்கு மனிதனை அழைக்கிறது. இரண்டுக்கும் உயரம் தேவைப்பட்டது.

நாகூரும் கல்முனையும்

நாகூர் தர்ஹாவில் ஐந்து மினாராக்கள் உள்ளன. அவற்றுள் பெரிய மினாராவின் உயரம் 131 அடி. அதைக் கட்டிக் கொடுத்தவர் பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர் பிரதாப் சிங். அந்த நாகூரின் பெயரால் நமது கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலும் அறியப்படுகிறது. ஆண்டுதோறும் அங்கும் மினாராவில் கொடி ஏறுகிறது. கொடியேற்றம் பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. இக்கட்டுரை அதற்குள் போகவில்லை. கடலிலிருந்து பார்ப்பவனுக்கு அந்த மினாரா ஓர் அடையாளம் என்பதில் மட்டும் எவருக்கும் கருத்து வேறுபாடு இராது.

ஏன் விழுவதில்லை?

கொப்பிக்காரன் ஒருநாள் கேட்டான்: "இவ்வளவு உசரத்துல காத்தடிச்சா விழாதா மாமா?" நல்ல கேள்வி. உயர்ந்த கட்டடத்துக்குத் தன் பாரத்தைத் தாங்குவதை விடவும் பக்கவாட்டில் வரும் காற்றைத் தாங்குவது பெரும் பிரச்சினை. அதற்குப் புதிய வழி கண்டவர்களில் முதன்மையானவர் ஒரு வங்காள முஸ்லிம். டாக்காவில் 1929இல் பிறந்து சிகாகோவில் பணிபுரிந்த பஸ்லுர் ரஹ்மான் கான்தான் அவர்.

கட்டடத்தின் உள்ளே தூண்களைப் பரப்பாமல், வெளிச்சுற்றிலே நெருக்கமாக நிறுத்தி இணைத்தால் முழுக் கட்டடமும் ஒரு குழாய் போல நிற்கும் என்று அவர் கண்டார். கொப்பித் தாள் ஒன்றை நிமிர்த்தி வையுங்கள், மடிந்து விழும். சுருட்டிக் குழாயாக்கி வையுங்கள், நிற்கும். சிகாகோவின் சியர்ஸ் கோபுரத்தில் ஒன்பது குழாய்களைச் சேர்த்துக் கட்டினார். தனி ஈர்க்கு வளையும், ஈர்க்குக் கட்டு வளையாது. 110 மாடிகளும் 442 மீட்டர் உயரமும் கொண்ட அக்கட்டடம் 1970களின் நடுப்பகுதியிலிருந்து 1998 வரை உலகின் ஆக உயர்ந்த கட்டடமாக இருந்தது.

ஜித்தா விமான நிலையத்தில் ஹாஜிகள் இறங்கும் கூடார வடிவ முனையத்தை வடிவமைத்தவர்களிலும் அவர் ஒருவர். 1982இல் ஜித்தாவிலேயே காலமானார். அவர் பணிபுரிந்த நிறுவனம்தான் பின்னர் புர்ஜ் கலீபாவை வடிவமைத்தது. அந்தக் கட்டடத்தின் அடியில் 192 கொங்கிரீட் தூண்கள் 50 மீட்டர் அளவு ஆழத்துக்கு இறங்கியிருக்கின்றன. மேலே போகும் உயரத்தோடு கீழே இறங்கும் ஆழத்தையும் பிள்ளை எழுதப் பழக வேண்டும்.

போட்டியும் பயனும்

இவ்விடத்தில் பெரியவர்கள் ஒரு ஹதீஸை நினைவூட்டுவார்கள். வெறுங்காலோடு ஆடு மேய்த்தவர்கள் உயர்ந்த கட்டடங்கள் கட்டுவதில் போட்டியிடுவது மறுமையின் அடையாளங்களில் ஒன்று என ஜிப்ரீல் (அலை) அவர்களின் வருகை பற்றிய ஹதீஸில் வருகிறது. அதில் சுட்டப்படுவது போட்டி என்றே நான் விளங்கிக்கொள்கிறேன். பிள்ளையிடம் "இது ஹறாமான ஆசை" என்று சொல்லி வாயை அடைப்பதில் பயனில்லை. "இந்த உயரம் யாருக்கு உதவுது மகன்?" என்று கேட்டால் அவன் யோசிக்கத் தொடங்குவான்.

நமது கரைக்கு அந்தக் கேள்வியின் விடை நன்றாகத் தெரியும். 2004 டிசம்பர் 26 காலை சுனாமி வந்தபோது, இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று வரிசையாக நமது ஊர்கள். ஓடி ஏற மலை இல்லாத இடத்தில் மேல்மாடிகள்தான் பலருக்கு அடைக்கலம் தந்தன. இரண்டு மாடி, ஏழெட்டு மீட்டர். அந்தக் கொப்பியில் இடம்பிடிக்காத உயரம் அது. ஆனால் மையித்துக்கும் ஹயாத்துக்கும் இடையே நின்ற உயரம்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் இரண்டு யோசனைகள். ஒன்று, பிள்ளைகளை ஊர்ப் பள்ளிவாசல் மினாராவை அளக்கச் செய்யுங்கள். ஏற வேண்டியதில்லை. வெயிலில் ஒரு மீட்டர் தடியை நிமிர்த்தி நட்டு அதன் நிழலை அளந்து, அதே நேரத்தில் மினாராவின் நிழலையும் அடியின் நடுவிலிருந்து அளந்தால் போதும். தடியின் நிழல் அரை மீட்டரும் மினாராவின் நிழல் 12 மீட்டரும் என்றால் உயரம் 24 மீட்டர்.

இரண்டு, அளந்த கையோடு கரையோரத்துப் பாடசாலை, பள்ளிவாசல் மாடிப்படிகளையும் பார்த்து வரச் சொல்லுங்கள். படி எங்கே இருக்கிறது, கதவு பூட்டியிருக்கிறதா, திறப்பு யாரிடம், மூத்தம்மாவைத் தூக்கிக்கொண்டு ஏற எவ்வளவு நேரம் எடுக்கும் என்று அவர்கள் எழுதிவரட்டும். நமது ஊரில் ஒரு கட்டடத்தின் உயரத்துக்கு மதிப்பு, அதன் படிக்கதவு திறந்திருந்தால்தான்.